போர்க்கள அனுபவமும் பெண் தலைமையும்: அமெரிக்கத் தேர்தலில் எது உண்மையில் எடுபடுகிறது?

தேர்தல்பித்தன்:
ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி, இங்கே போட்டுவிடுகிறேன்.

2008 குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் நின்ற இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஜான் மெக்கெய்ன். 1967 அக்டோபரில் ஹனோய்க்கு மேலே விமானம் சுடப்பட்டு ஏரியில் விழுந்தார். ஐந்தரை ஆண்டு போர்க்கைதி. அப்பா அட்மிரல் என்பதால் முன்கூட்டியே விடுவிக்கிறோம் என்று வியட்நாம்காரர்கள் சொன்னபோது, தனக்கு முன்னால் பிடிபட்டவர்கள் போகாமல் தானும் போக முடியாது என்று மறுத்தவர். இதைவிட உயர்ந்த ராணுவப் பின்னணி எந்த வேட்பாளருக்கும் கிடைக்காது. சீருடையே போடாத ஒபாமாவிடம் தோற்றார்.

இன்னொருவர் அப்போதைய அலாஸ்கா ஆளுநர் சாரா பேலின். சதர்ன் பாப்டிஸ்ட் என்ற பழமைவாதப் புராட்டஸ்டண்ட் சபை 2000-ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையில் போதகர் பதவி ஆண்களுக்கு மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சபையின் முக்கியத் தலைவர்களே பேலினைத் துணை அதிபர் வேட்பாளராகக் கைதட்டி வரவேற்றார்கள். ஐம்பது பேர் கூடும் சபையில் பெண் பிரசங்கம் செய்யக் கூடாது, ஆனால் அணுகுண்டுப் பொத்தானுக்கு ஒரு படி கீழே உட்காரலாம். இது எப்படி?

இரண்டுக்கும் ஒரே பதில் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். உங்கள் கருத்து?

பழைய_பேப்பர்:
முதல் பாதிக்கு வருகிறேன். மெக்கெய்ன் தனிக் கதை இல்லை. ட்ரூமன் முதல் மூத்த புஷ் வரை அத்தனை அதிபர்களும் ஏதோ ஒரு விதத்தில் சீருடை போட்டவர்கள். லிண்டன் ஜான்சன் உட்பட. அவர் 1942-ல் பார்வையாளராக ஒரே ஒரு விமானப் பயணம் போய்விட்டு சில்வர் ஸ்டார் வீரப் பதக்கம் வாங்கினார் என்பது வேறு விஷயம், அதைக் கடைசி வரை கோட்டில் குத்திக்கொண்டே திரிந்தார்.

1992-ல் அது உடைந்தது. மூத்த புஷ் 1944-ல் பசிபிக்கில் சுட்டு வீழ்த்தப்பட்டுக் கடலிலிருந்து மீட்கப்பட்டவர். அவரைத் தோற்கடித்த கிளிண்டன், கட்டாய ராணுவச் சேர்ப்பிலிருந்து தப்பியதற்கு நன்றி சொல்லி எழுதிய 1969-ஆம் ஆண்டுக் கடிதம் அந்தத் தேர்தலிலேயே வெளியானது. ஜனங்கள் படித்தார்கள், பிறகும் ஓட்டுப் போட்டார்கள். 1996-ல் பாப் டோல். 1945-ல் இத்தாலியில் பட்ட காயத்தில் வலது கை நிரந்தரமாக முடங்கியவர். யாரும் கை குலுக்க வராமல் இருக்க அந்தக் கையில் பேனா பிடித்தபடி இருப்பார். அவரும் தோற்றார். 2000-ல் கோர், 2004-ல் கெர்ரி, இருவரும் வியட்நாம் போய் வந்தவர்கள். 2008-ல் மெக்கெய்ன். வரிசையாக ஐந்து தேர்தல்.

சாம்பல்பூனை:
கோர் மக்கள் வாக்கில் ஜெயித்தார் சார். ஐந்து லட்சத்துக்கும் மேல் அதிகம். அதைத் "தோல்வி" கணக்கில் போடுவது முடிவைத் தீர்மானித்த ஃப்ளோரிடா மாநிலத்துக்கு மட்டும்தான் நியாயம்.

பழைய_பேப்பர்:
சரி, நாலரை தேர்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு மாறாது. 2008-க்குப் பிறகு இரண்டு கட்சியும் அதிபர் பதவிக்கு ராணுவம் போனவரை நிறுத்தவே இல்லை. டிரம்ப்புக்குக் கட்டாய ராணுவச் சேர்ப்பிலிருந்து ஐந்து விலக்கு, பைடனுக்கும் ஐந்து மாணவர் விலக்கு, அதன் பிறகு ஆஸ்துமா. யாரும் யாரையும் கேட்க முடியாத நிலை.

கப்பல்காரன்:
இதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. 1973-ல் கட்டாய ராணுவச் சேர்ப்பு நின்றது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் காங்கிரஸில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்டத்தட்ட முன்னாள் ராணுவத்தினர். இப்போது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வாக்காளர் வீட்டிலும் அதே கதைதான். தன் அண்ணன், மாமன், பக்கத்து வீட்டுக்காரன் எல்லாரும் போயிருந்தால் போகாதவன் பதில் சொல்லியாக வேண்டும். யாருமே போகவில்லை என்றால் போனவர் பதக்கத்தைப் பார்த்து "நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டு வரிக் குறைப்பைப் பற்றிக் கேட்பார்கள்.

ஆனால் ஒன்று. ராணுவப் பின்னணி ஓட்டு வாங்கித் தராமல் போகலாம், தாக்குவதற்கு மட்டும் நன்றாகப் பயன்படுகிறது. 2002 ஜார்ஜியா செனட் தேர்தலில் மேக்ஸ் கிளீலண்ட். வியட்நாமில் இரண்டு கால்களையும் ஒரு கையையும் இழந்தவர். அவர் எதிரி வியட்நாம் காலத்தில் விலக்கு வாங்கி வீட்டில் இருந்தவர். விளம்பரத்தில் பின் லேடன், சதாம் படங்களைக் காட்டிவிட்டு கிளீலண்ட் படத்தைக் காட்டினார்கள், பாதுகாப்பு விஷயத்தில் துணிச்சல் இல்லாதவர் என்று. மெக்கெய்னே பொறுக்க முடியாமல் கண்டித்தார். கிளீலண்ட் தோற்றார்.

2004-ல் கெர்ரி. சில்வர் ஸ்டார், வெண்கல நட்சத்திரம், போர்க்காயத்துக்கான பர்ப்பிள் ஹார்ட் மூன்று. எதிரில் டெக்சாஸ் விமான நேஷனல் கார்டில் (மாநிலத்தின் பகுதிநேரப் படை) இருந்துகொண்டு வியட்நாம் பக்கமே போகாத இளைய புஷ். சண்டை யாருடைய பதக்கம் பொய் என்பதில் போய் நின்றது, அதுவும் போரில் இருந்தவருடைய பதக்கம்! வியட்நாமில் கெர்ரி தலைமை தாங்கிய ரோந்துப் படகில் கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் அவர் பக்கம்தான் பேசினார்கள். எதிர்த்து விளம்பரம் செய்தவர்களில் அநேகம் பேர் வேறு படகுகளில் இருந்தவர்கள். அவர்கள் கோபத்துக்கு உண்மைக் காரணம் படகில் நடந்ததே இல்லை. 1971 ஏப்ரலில் செனட் குழு முன் உட்கார்ந்து வியட்நாம் போரைக் கெர்ரி கிழித்தார் இல்லையா, அதுதான்.

தேர்தல்பித்தன்:
ஆக, பதக்கத்தைக் கட்சிக்குத் தகுந்தபடி நிறுக்கிறார்கள். அதே தராசுதான் மத விஷயத்திலும் என்பது என் ஊகம். வேதபாடம் அண்ணா வந்தால் தேவலை.

வேதபாடம்:
வந்துவிட்டேன். உங்கள் ஊகம் பாதி சரி, மீதி அவசரம்.

முதலில் பேலின் சதர்ன் பாப்டிஸ்ட் இல்லை. அவர் வளர்ந்தது அசெம்பிளிஸ் ஆஃப் காட், பெந்தெகொஸ்தே சபை. அங்கே பெண்கள் போதகராக அபிஷேகம் பெறுவது பல பத்தாண்டுகளாக உண்டு. பெந்தெகொஸ்தே மரபில் அதிகாரம் பரிசுத்த ஆவியின் வரத்திலிருந்து வருகிறது. குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்ற யோவேல் வசனம் அவர்களுக்கு அடித்தளம். ஏமி செம்பிள் மெக்பர்சன் 1923-லேயே லாஸ் ஏஞ்சல்ஸில் பிரம்மாண்ட ஆலயம் கட்டி, தனிச் சபைப் பிரிவையே நடத்தினார். டிரம்ப்பின் ஆன்மிக ஆலோசகர் பவுலா ஒயிட் இந்த மரபில் வருபவர். ஆகையால் "மதப் பழமைவாதிகள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் எதுவும் புரியாது.

அடுத்து சதர்ன் பாப்டிஸ்ட். அவர்களுக்கு முக்கிய வசனம் 1 தீமோத்தேயு 2:12, பெண் உபதேசம் பண்ணவும் ஆண்மேல் அதிகாரம் செலுத்தவும் பவுல் அனுமதிக்கவில்லை என்பது. இந்த வசனம் சபைக்கா, குடும்பத்துக்கா, அரசாங்கத்துக்குமா? 2008-ல் ஆல்பர்ட் மோலர் போன்ற சதர்ன் பாப்டிஸ்ட் தலைவர்கள் சொன்ன பதில்: சபைக்கும் குடும்பத்துக்கும்தான், அரசுப் பதவியைப் புதிய ஏற்பாடு தடுக்கவில்லை. அது அந்த நேரத்துக்காகக் கண்டுபிடித்த சால்ஜாப்பு என்று சொல்ல முடியாது. 1998-ல் அவர்கள் விசுவாச அறிக்கையில் சேர்த்த குடும்பப் பகுதி, மனைவி கணவனின் தலைமைக்கு மனமுவந்து கீழ்ப்படிய வேண்டும் என்றது. 2000-ல் போதகர் பதவி. அரசியல் பதவியைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி கிடையாது.

நடுநிசி:
அண்ணா, ஒரு வரி கிடையாது, சரி. அந்தத் தாராளம் எந்தக் கட்சிப் பெண்ணுக்குக் கிடைத்தது? ஹிலாரி கிளிண்டன் பிறவி மெதடிஸ்ட், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர். அவரை "மனைவியின் இடம்" பற்றிப் பேசியே பதினைந்து ஆண்டுகள் வறுத்தார்கள். பேலின் ஐந்து குழந்தைகளின் தாய், கடைசிக் குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. வேறு கட்சியில் இருந்திருந்தால் "குழந்தையை யார் பார்ப்பது" என்று முதல் கேள்வி அந்தப் பிரசங்க மேடையிலிருந்துதான் வந்திருக்கும்.

வேதபாடம்:
மறுக்கவில்லை அம்மா. நான் சொன்னது இறையியல், நீங்கள் சொல்வது தேர்தல். உள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. பேலினை ஆதரிக்க முடியாது என்று வெளிப்படையாக எழுதிய சீர்திருத்தச் சபைப் போதகர்கள் உண்டு. எண்ணிக்கையில் சின்னக் கூட்டம். வெள்ளை இவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு மெக்கெய்ன்-பேலினுக்கே விழுந்தது.

ஜிம்மி கார்ட்டரையும் இதில் சேர்க்க வேண்டும். கடற்படை அகாடமியில் படித்து நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், வாழ்நாள் பாப்டிஸ்ட். பெண்களைப் பற்றிய நிலைப்பாடு பிடிக்காமல் 2000-ல் சதர்ன் பாப்டிஸ்ட் சபையோடு உறவை முறித்துக்கொண்டார். தித்தன் கேட்ட இரண்டு அளவுகோலிலும் முழு மதிப்பெண் வாங்க வேண்டியவர் அவர். ஆனால் 1980-லேயே அந்த வாக்காளர்கள் அவரை விட்டுவிட்டு ரீகனிடம் போய்விட்டார்கள். ரீகன் போர்க்காலத்தில் ராணுவப் படப்பிரிவில் இருந்தார், நாட்டைத் தாண்டவில்லை.

சாம்பல்பூனை:
தித்தன் யாரு? நம்ம பித்தனா? 😀

தேர்தல்பித்தன்:
பெயரில் என்ன இருக்கிறது, விடுங்கள். 2012 அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட மிஷேல் பாக்மன் விஷயம் யாருக்காவது நினைவிருக்கிறதா? 2011 ஆகஸ்ட், அயோவா மாநிலம் ஏம்ஸ் நகர விவாதம்.

பழைய_பேப்பர்:
நன்றாக நினைவிருக்கிறது. பாக்மன் 2006-ல் ஒரு சபையில் பேசும்போது, வரிச் சட்டம் படிக்கப் பிடிக்கவே இல்லை, கணவர் சொன்னதால் படித்தேன், மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று கர்த்தர் சொல்கிறார் என்றார். விவாதத்தில் பத்திரிகையாளர் அதைப் பிடித்துக்கொண்டு, அதிபரானால் கணவருக்குக் கீழ்ப்படிவீர்களா என்று கேட்டார். அரங்கம் கேள்வி கேட்டவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது. பாக்மன் கொஞ்சம் நிதானித்து, கீழ்ப்படிதல் என்றால் எங்களுக்குள் மரியாதை என்று முடித்தார். இரண்டு நாள் கழித்து நடந்த ஏம்ஸ் மாதிரி வாக்கெடுப்பில் முதலிடம். 2012 ஜனவரியில் அதே அயோவாவில் ஆறாம் இடம், விலகிவிட்டார்.

கவனிக்க வேண்டியது: 2008 ஜனவரியில், குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட ஹக்கபீயிடமும் அந்த 1998 அறிக்கையைப் பற்றிக் கேட்டார்கள், அவர் அதை ஆதரித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்கு அது ஒரு சங்கடமான கேள்வி, அவ்வளவுதான். பாக்மனுக்கு அது தகுதியைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. உத்தரவு யார் கொடுப்பது என்ற கேள்வி.

நடுநிசி:
அங்கேதான் இரண்டு விஷயமும் ஒன்று சேர்கின்றன என்று நினைக்கிறேன். அதிபர் என்பவர் முப்படைத் தளபதி. சபை எதிர்ப்பு ஓட்டுப் பெட்டியில் பெரிதாகத் தெரியாது. "இவள் போருக்கு உத்தரவு கொடுப்பாளா" என்ற சந்தேகம் கட்டாயம் தெரியும், கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அதனால்தான் பெண் வேட்பாளர்கள் எங்கிருந்தாவது போர் அனுபவத்தைக் கடன் வாங்கப் பார்த்தார்கள்.

ஹிலாரி செனட்டராகி ஆயுதப் படைக் குழுவில் இடம் பிடித்தார். ஈராக் போருக்கு ஆதரவாக வாக்களித்தார். 2008 மார்ச்சில், 1996-ல் போஸ்னியாவின் டுஸ்லாவில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு ஓடினோம் என்று சொன்னார். அடுத்த நாட்களில் பழைய வீடியோ வந்தது: ஓடுதளத்தில் ஒரு சிறுமி கவிதை வாசித்து வரவேற்கிறாள். அந்தப் பொய் ஏன் தேவைப்பட்டது? எதிரில் இருந்த ஒபாமாவும் எந்தப் போரும் பார்க்கவில்லை, அவர் இப்படி எதையும் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை.

பேலினுக்கும் அதேதான். அலாஸ்கா நேஷனல் கார்டின் தளபதி ஆளுநர்தானே, அதுவே ராணுவ அனுபவம் என்று பிரசாரக் குழு சொல்லிப் பார்த்தது. மூத்த மகன் ஈராக் போவதை மேடையில் சொன்னார். ஒரு தாயாக அது இயல்பு, ஆனால் ஒரு ஆண் ஆளுநருக்காக நேஷனல் கார்டு வாதத்தை யாராவது இவ்வளவு இழுத்திருப்பார்களா?

சாம்பல்பூனை:
பொய்க்கு ஆண் பெண் பேதம் இல்லை மேடம். ரிச்சர்ட் புளூமென்தால் வியட்நாமில் இருந்ததுபோலப் பேசினார், இருந்தது மரைன் ரிசர்வ், அமெரிக்காவை விட்டு நகரவில்லை. 2010-ல் செய்தி வெளியானது. அதே வருடம் செனட்டரானார். மார்க் கர்க், தன் பிரிவுக்குக் கிடைத்த விருதைத் தன் விருது என்றார். அவரும் அதே வருடம் செனட்டரானார்.

கப்பல்காரன்:
நடுநிசி சொன்னதற்கு ஒரு சட்டப் பின்னணி இருக்கிறது. 1948 சட்டம் பெண்களை நிரந்தரப் படையில் சேர்த்தது, ஆனால் மொத்தத்தில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. அந்த வரம்பு 1967-ல்தான் போனது. போர் விமானம் ஓட்ட 1990-களில்தான் அனுமதி. தரைப்படைச் சண்டைப் பிரிவுகளில் 1994 விதி தடுத்தது. 2013 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சர் பனெட்டா அதை நீக்கினார், 2015 டிசம்பரில் எல்லாப் பணிகளும் திறக்கப்பட்டன. கட்டாயப் பதிவு ஆண்களுக்கு மட்டும் என்பது சரிதானா என்று 1981-ல் வழக்கு போனபோது உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம்: பெண்களைச் சண்டைக்கு அனுப்புவதில்லை, ஆகவே பதிவும் தேவையில்லை.

1947-ல் பிறந்த ஹிலாரி போன்ற பெண்ணிடம் போர் அனுபவம் கேட்பது, பூட்டிய அறைக்குள் ஏன் போகவில்லை என்று கேட்பது போல.

வேதபாடம்:
இந்த இடத்தில் தெபொராளைக் கொண்டுவந்தே ஆக வேண்டும், 2008-ல் எல்லாரும் கொண்டுவந்தார்கள். நியாயாதிபதிகள் 4. தெபொராள் தீர்க்கதரிசி, இஸ்ரவேலை நியாயம் விசாரித்தவள். படைக்குப் போ என்று பாராக்கிடம் சொல்கிறாள். நீ வந்தால் போகிறேன், இல்லாவிட்டால் போகமாட்டேன் என்கிறான் அவன். அப்படியானால் இந்தப் போரின் புகழ் உனக்கு வராது, ஒரு பெண்ணுக்குப் போகும் என்கிறாள். எதிரிப் படைத்தலைவன் சிசெராவைக் கடைசியில் கூடார ஆணியால் கொன்றது யாகேல் என்ற பெண்.

பேலின் ஆதரவாளர்களுக்கு இது முன்மாதிரி. எதிர்ப்பாளர்கள் சொன்னது, ஆண்கள் கடமையைச் செய்யாததால் வந்த விதிவிலக்கு என்று. அதாவது பெண் தலைமை ஆண்களுக்குத் தண்டனை. ஒரே அத்தியாயம்தான். எனக்கு இரண்டாவது வாசிப்பு எப்போதும் வலிந்து செய்ததாகவே தோன்றும்; அந்த அத்தியாயத்தில் தெபொராளின் பதவியைக் குறை சொல்லும் வரி எதுவும் இல்லை.

தேர்தல்பித்தன்:
சரி, 2013-க்குப் பிறகு கதவு திறந்தாகிவிட்டது. நிஜமாகவே சண்டை பார்த்த பெண்கள் அரசியலுக்கு வந்தார்களே, அவர்களுக்கு அது கைகொடுத்ததா?

பழைய_பேப்பர்:
கலவையான பதில். டாமி டக்வொர்த், 2004 நவம்பரில் ஈராக்கில் ஹெலிகாப்டர் தாக்கப்பட்டு இரண்டு கால்களையும் இழந்தவர். 2012-ல் எதிர் வேட்பாளர் ஜோ வால்ஷ், எப்போது பார்த்தாலும் ராணுவ சேவையைப் பற்றியே பேசுகிறார், உண்மையான வீரர்கள் அப்படிப் பேசமாட்டார்கள் என்றார். டக்வொர்த் ஜெயித்தார். 2016 செனட் விவாதத்தில், தன் முன்னோர் அமெரிக்கப் புரட்சிப் போரிலிருந்து சேவை செய்தவர்கள் என்று சொன்னதும், உங்கள் பெற்றோர் தாய்லாந்திலிருந்து வந்து ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சேவை செய்தது மறந்துவிட்டது என்றார் எதிராளி. (அந்த எதிராளி சாம்பல்பூனை சொன்ன அதே மார்க் கர்க்.) டக்வொர்த்தின் அப்பா வழி அமெரிக்க வழி. கர்க் தோற்றார்.

ஆனால் மார்த்தா மெக்சாலி, சண்டையில் போர் விமானம் ஓட்டிய முதல் அமெரிக்கப் பெண், அரிசோனாவில் இரண்டு செனட் தேர்தல் தோற்றார். ஏமி மெக்ராத், மரைன் போர் விமானி, கென்டக்கியில் இரண்டு தேர்தல் தோற்றார். ஒருவர் குடியரசு, ஒருவர் ஜனநாயகம். மாநிலத்தின் சாய்வுதான் முடிவு செய்தது.

2025-ல் மிக்கி ஷெரில், கடற்படை ஹெலிகாப்டர் விமானி, நியூ ஜெர்சி ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு எதிராகக் கிளப்பியது என்ன தெரியுமா? 1994-ல் கடற்படை அகாடமி பட்டமளிப்பில் மேடையில் நடக்கவிடவில்லை என்ற பழைய விவகாரம். கெர்ரிக்குச் செய்த அதே வேலை.

நடுநிசி:
எனக்கு அதில் ஒரு வினோதத் திருப்தி. பெண்ணுடைய பதிவேட்டையும் தோண்டுகிறார்கள் என்றால் அதை நிஜமான பதிவேடாக மதிக்கிறார்கள்.

வேதபாடம்:
திருப்திக்கு முன்னால், டிரம்ப் 2025-ல் பாதுகாப்பு அமைச்சராக்கிய பீட் ஹெக்செத்தைப் பார்த்துவிடுங்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போய் வந்தவர், இரண்டு வெண்கல நட்சத்திரம். 2024 நவம்பரில், பெண்கள் சண்டைப் பணிகளில் இருக்கக் கூடாது என்று நேரடியாகச் சொன்னார். செனட் விசாரணையில் தரம் ஒன்றாக இருந்தால் வாய்ப்பு உண்டு என்று மாற்றினார். பதவியேற்ற அடுத்த மாதமே கடற்படையின் முதல் பெண் தலைமை அதிகாரி அட்மிரல் லிசா பிரான்கெட்டி நீக்கப்பட்டார்.

ஹெக்செத் போகும் சபை, ஐடஹோவில் டக் வில்சன் தொடங்கிய சீர்திருத்தச் சபைக் கூட்டமைப்பைச் சேர்ந்தது. அந்த வட்டத்துப் போதகர்கள் பெண்களுக்கு வாக்குரிமையே கூடாது, வீட்டுக்கு ஒரு ஓட்டுப் போதும் என்று பேசிய சிஎன்என் செய்தித் தொகுப்பை 2025 ஆகஸ்டில் ஹெக்செத் தன் பக்கத்தில் பகிர்ந்தார். பிறகு பெண்களின் வாக்குரிமையை அமைச்சர் ஏற்கிறார் என்று பென்டகன் விளக்கம் கொடுத்தது.

2008-ல் மோலர் போட்ட கோட்டை நினைத்துப் பாருங்கள்: சபை வேறு, அரசு வேறு. இந்தக் கூட்டம் அந்தக் கோட்டையே அழிக்கிறது. இவர்கள் கணக்கில் 1 தீமோத்தேயு அரசுக்கும் உண்டு. சதர்ன் பாப்டிஸ்ட்டுகள்கூட, போதகர் என்ற பட்டத்தை எந்தப் பெண்ணுக்கும் தரும் சபைகளை வெளியேற்றும் சட்டத் திருத்தத்தை 2024-லும் 2025-லும் கொண்டுவந்தார்கள். இரண்டு முறையும் அறுபது சதவீதத்தைத் தாண்டியது, தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை.

கப்பல்காரன்:
பிரான்கெட்டியை நீக்கியதற்குச் சபைதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆண் அதிகாரிகளையும் அன்றே நீக்கினார்கள், கூட்டுப் படைத் தலைவர் உட்பட. பன்முகத்தன்மைக் கொள்கைக்கு எதிரான அரசியல் அது.

வேதபாடம்:
சபைதான் காரணம் என்று நானும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே திசையில் காற்றடித்தது என்கிறேன்.

நடுநிசி:
ஒரு பெயரை யாரும் சொல்லவில்லை: ஜெனட் ரேங்கின். காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். 1917-ல் போருக்கு எதிராக வாக்களித்த ஐம்பது பேரில் ஒருவர். 1941 டிசம்பரில், பேர்ல் துறைமுகத்துக்கு மறுநாள், 388-க்கு ஒருவர். பெண்ணாகிய நான் போருக்குப் போக முடியாது, வேறு யாரையும் அனுப்பவும் மறுக்கிறேன் என்ற பொருளில் காரணம் சொன்னார். பெண்ணைப் போர்க்களத்திலிருந்து விலக்கிய அதே விதியை எடுத்து எதிர்ப்பக்கம் திருப்பினார். அரசியல் வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

தேர்தல்பித்தன்:
நடுநிசி சொன்ன முப்படைத் தளபதி வாதம் வலுவானது, அதிபர் தேர்தலுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனாலும் கட்சிதான் முதல் அளவுகோல் என்ற என் வாதத்தை விடமாட்டேன். 2025 ஜனவரியில் ஹெக்செத்துக்கான செனட் வாக்கெடுப்பைப் பாருங்கள். ஈராக் போருக்குப் போன இரண்டு பெண்கள் அங்கே இருந்தார்கள், டக்வொர்த்தும் ஜோனி எர்ன்ஸ்டும். பெண்கள் சண்டைக்குத் தகுதியா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது, இருவரும் வாழ்ந்து காட்டியவர்கள். டக்வொர்த் எதிர்த்தார். எர்ன்ஸ்ட் முதலில் தயங்கினார், கட்சிக்குள்ளிருந்தே கடும் நெருக்கடி வந்தது, கடைசியில் ஆதரித்தார். 50-50 ஆகி, துணை அதிபர் வான்ஸ் ஓட்டுப் போட்டு 51. எர்ன்ஸ்ட் ஒருவர் மாறியிருந்தால் நியமனம் விழுந்திருக்கும்.